ரெஜிஸ் ஓடிய இடம்

தூத்துக்குடியில் கில்பர்ட் கொரைராவின் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும், இரண்டாம் பூசைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, தெருவில் எல்லா வீட்டு அடுப்பிலும் கறி கொதிக்கத் தொடங்கிய பிறகு, நான்கு பேர் கூடி ஒரு ராக் இசைத்தட்டைக் கேட்டுக் குறை சொல்வார்கள். குறை மட்டும்தான். பாராட்ட வேண்டுமென்றால் கல்யாண வீட்டுக்குப் போகலாம், அங்கே அதற்கென்று மைக் வைத்திருப்பார்கள் என்பார் கில்பர்ட். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கில் சேதம் பார்க்கும் வேலையில் தலை நரைத்தவர் அவர். எந்த மூட்டை நனைந்திருக்கிறது, எந்தப் பெட்டி நசுங்கியிருக்கிறது, எது குறைகிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்த வேலையில் சம்பளம். ஒழுங்காக வந்து சேர்ந்த மூட்டையைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதே கண்ணோடு பிள்ளைகளை வளர்த்தார், அதே கண்ணோடு மருமக்களைப் பார்த்தார், எல்லோரும் தூர தேசங்களில் குடியேறிவிட்டார்கள். மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு குறை காண்பதற்கு அவருக்கு மிஞ்சியது அந்த இசைத்தட்டுதான்.

அது அவர்களுடைய சொந்தத் தட்டு. கில்பர்ட்டின் தலைமுடி கறுப்பாகவும் தோள்வரை நீளமாகவும் இருந்த காலத்தில், வெளிநாட்டு மாலுமிகள் மக்ரூன் பொட்டலத்துக்கு மாற்றாக இசைத்தட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போன காலத்தில், பெல்பாட்டம் கால்களால் கடற்கரை மணலைக் கூட்டிக்கொண்டே நடந்த பையன்கள் நான்கு பேர் 'டன்னேஜ்' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வாசித்துப் பழகினார்கள், கித்தார்க் கம்பிகள் வாராவாரம் துருவேறின, கிறிஸ்துமஸ் நடனத்தில் வாசித்தார்கள், கல்யாணங்களில் வாசித்து மாப்பிள்ளையின் தகப்பனாரால் பாதியில் நிறுத்தப்பட்டார்கள், கடைசியில் ஒருநாள் ரயிலேறி மெட்ராஸுக்குப் போய், போய்ப் போய் வந்த மின்சாரத்துக்கு நடுவில் ஒரே பகலில் 'அன்லோடிங்' என்ற அந்த ஒரே தட்டைப் பதிவு செய்து வந்தார்கள். பாட்டெல்லாம் இங்கிலீஷ், உச்சரிப்பு மட்டும் தூத்துக்குடி. கித்தார் கில்பர்ட். பாடியது ஹென்றி, பிற்பாடு மெல்போர்ன்காரன் ஆகிவிட்டான். பேஸ் கித்தார் வாசித்த சூசை கப்பலில் வேலைக்குப் போய் ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்தான். டிரம்ஸ் அடித்தது ரெஜிஸ், டெல்பினின் கணவர், அவரும் போய்ச் சில வருஷங்களாகின்றன.

ஞாயிற்றுக்கிழமை நால்வரில் டெல்பின் ஒருத்தி. கோயில் பாடகர் குழுவை நடத்தும் பாக்கியம் மாஸ்டர் இரண்டாமவர். டன்னேஜ் பழகிய கிட்டங்கிக்குச் சொந்தக்காரரின் மகன் கனிராஜ் மூன்றாமவர். சின்ன வயதில் அந்தச் சத்தத்தில் உப்பு மூட்டைமேல் படுத்துத் தூங்கியவர் என்பதால், மற்ற மூவரைவிடத் தனக்குத்தான் அந்தப் பாட்டுகள் தெரியும் என்று அவருக்கு ஒரு எண்ணம். கில்பர்ட்டின் ரெக்கார்டு பிளேயரும் ஆம்ப்ளிபயரும் ஒரு கப்பல் அதிகாரியிடமிருந்து வாங்கியவை, ஸ்பீக்கர் பெட்டிகள் இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளை அறுத்து அவரே செய்தவை. ஸ்பீக்கர்கள் நிற்க வேண்டிய இடத்தைச் சிமெண்டுத் தரையில் சாக்குக் கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். வீடு கூட்டுகிறவள் அந்தக் கோட்டை அழித்தால் அன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம். நான்கு நாற்காலிகளில் ஒன்று மட்டும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிபாதியில் நடுவில் இருக்கும். அதில் உட்கார்ந்தால் இடப்பக்கம் கில்பர்ட்டின் கித்தார், வலப்பக்கம் ரெஜிஸின் டிரம்ஸ், நேர் எதிரே ஹென்றி, நிற்கிற மாதிரியே கேட்கும். ஆளுக்கொரு வாரம் அந்த நாற்காலி. முள் தட்டின்மேல் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஓடி முடிந்த பிறகு ஆளுக்கொரு குறை, நடு நாற்காலிக்காரர் கடைசியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட் தன் மேலேயே குறை சொன்னார். இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் தன் கித்தார் சுருதி இறங்கிவிட்டது என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டைப் போட்டபோது அந்த இடத்தில் சுருதி சேர்ந்திருந்தது. தட்டு முடிந்து முள்ளை எடுத்ததும், "சரி பண்ணிட்டானுவ" என்றார் கனிராஜ். கில்பர்ட் தலையை ஆட்டிவிட்டு, "முதல் பாட்டு, பேஸ் கித்தார் ஈரத்துல நனைஞ்ச மாதிரி இருக்கு" என்று அந்த வாரத்துக் குறைக்குப் போனார். மறு வாரம் சூசையின் பேஸ் கித்தார் வெயிலில் உலர்ந்து வந்தது. சொன்னதைச் செய்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, இத்தனை வருஷமாகச் செய்யாமல் இருந்ததற்குத்தான் அவர்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது கில்பர்ட்டின் கட்சி.

சமாசாரம் சுவர் தாண்டுவதற்கு நேரமாகவில்லை. பக்கத்து வீட்டு மருமகள் கைக்குழந்தையோடு வந்து, முதல் பாட்டு எடுத்த எடுப்பிலேயே இடிக்கிறது, பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுகிறது, கொஞ்சம் மெதுவாக ஆரம்பிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் அந்தப் பாட்டு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வருவதைப் போல வந்தது. பங்குச் சாமியார் தயங்கித் தயங்கி வந்து, முதல் பக்கத்து மூன்றாவது பாட்டில் வருகிற ஒரு வார்த்தையைக் குறித்துத் தனக்கு மனத்தாங்கல் உண்டு என்றார். ஹென்றி அந்த இடத்தில் வேறு வார்த்தை பாடினான், கொஞ்சம் முனகலோடு. பேக்கரிக்காரர் தன் வேலையாட்கள் மாவு பிசைகிற வேகத்துக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார், கிடைத்தது. வார்டு கவுன்சிலர் மனு வாங்குகிற பழக்கத்தில் சாக்கடை விஷயத்தையும் சொல்லிப் பார்த்தார், தட்டுக்குள் இருக்கிற விஷயம் மட்டும்தான் நடக்கும் என்று கனிராஜ் அவருக்கு எடுத்துச் சொல்லி அனுப்பினார். வங்கி மேலாளர் ஒருவர் உலகப் புகழ் பெற்ற ஒரு குழுவின் தட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அதற்கும் வாராவாரம் குறை சொல்லச் சொன்னார். மாதக்கணக்கில் சொல்லியும் அதில் ஒரு தூசி நகரவில்லை. "அவங்க பெரிய ஆளுங்க, நம்ம பேச்சை எங்க கேக்கப் போறாங்க. நம்ம பயலுவளுக்கு யாரு என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்ல வராது" என்றார் கனிராஜ். ஊர் அதோடு திருப்திப்பட்டுவிட்டது, வேறு காரணம் தேடவில்லை.

மெல்போர்னிலிருந்து ஹென்றி போன் செய்தான். அங்கே அவனிடமிருந்த தட்டிலும் எல்லாம் மாறியிருந்தது.

"ஏல கில்பர்ட்டு, என் தொண்டைல யாருல கைய வச்சது?"

"சாமியாருல. விடு."

"எனக்கே தெரியாம நான் எப்படில மாத்திப் பாடினேன்?"

"நீ எப்பல தெரிஞ்சு பாடிருக்க" என்றார் கில்பர்ட். இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள். அந்தத் தெருவில் அவர் சிரித்துக் கேட்டுப் பல காலமாகியிருந்தது.

ஊரே இப்படிச் சந்தோஷமாக இருந்த அந்த மாதங்களில் டெல்பின் மட்டும் யார் என்ன குறை சொல்வார்களோ என்று ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டே இருந்தாள். காரணம் இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டு. கரையில் நிற்கிறவன் திங்கட்கிழமை வரவேண்டிய கப்பலுக்காகக் காத்திருக்கிற பாட்டு அது. அதன் நடுவில், கில்பர்ட்டின் கித்தார் ஏறத் தொடங்குகிற இடத்தில், ரெஜிஸுக்கு உற்சாகம் தாங்காமல் கை ஓடிவிடும். டிரம்ஸ் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் பாயும், மற்ற மூவரும் பின்னால் அல்லாடுவார்கள், அதைக் கண்டுகொண்ட ரெஜிஸ் சட்டென்று நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் சும்மா நின்று, அவர்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி அடிப்பார். அந்த மூச்சுகூடத் தட்டில் கேட்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், தட்டு கெட்டது அந்த இடத்தில்தான் என்று. பம்பாயில் ஒரு கம்பெனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதும் அந்த இடத்தால்தான் என்று கில்பர்ட் நம்பினார்.

டெல்பினுக்கு அந்த இடம்தான் புருஷன். ரெஜிஸ் எல்லாவற்றிலும் அப்படித்தான். பந்தியில் இலை போட்டு முடிக்குமுன் உட்கார்ந்துவிடுவார், பஸ் நிற்குமுன் ஏறிவிடுவார், பெண் பார்க்க வந்த அன்றைக்கே கல்யாணத் தேதி கேட்டுத் தன் அம்மாவிடம் கிள்ளு வாங்கியவர். தெருவில் அவளோடு சேர்ந்து நடந்தது கிடையாது. விறுவிறுவென்று முன்னால் போவார், முக்குக்குப் போனதும் நினைவு வந்து நின்றுகொள்வார், திரும்பிப் பார்க்க மாட்டார், அவளுடைய செருப்புச் சத்தம் கிட்ட வந்ததும் மறுபடி நடப்பார். "மெதுவாப் போங்களேன், என்ன ரயிலா போகுது" என்று அவள் எத்தனையோ வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டாள். கடைசியில் ஒரு காலை, அவள் காப்பி ஆற்றிக்கொண்டு வருவதற்குள், அதற்கும் அவசரமாக முன்னால் போய்விட்டார். வீட்டிலிருந்த போட்டோக்களில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார், அது அவரே இல்லை. அவர் ஓடுவதும் நின்று காத்திருப்பதும் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு தட்டின் அந்த ஓர் இடத்தில்தான், அதற்காகத்தான் அவள் ஞாயிறு தவறாமல் அங்கே போய் உட்கார்ந்தாள்.

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். வேறு குறைகள் இருக்கும்வரை அந்த இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள் அல்லவா. வாராவாரம் தேடித் தேடிக் குறை கொண்டுபோனாள். ஹென்றி மூச்சு வாங்குவது கேட்கிறது என்றாள், ஐந்தாவது பாட்டு முடியத் தெரியாமல் முடிகிறது என்றாள். உண்மையான குறைகள் தீர்ந்துபோனபோது பொய்க் குறைகளில் இறங்கினாள். கடைசிப் பாட்டில் சிம்பல் சத்தம் அதிகம் என்பாள், குறையும். இரண்டு வாரம் கழித்துச் சிம்பல் கேட்கவே இல்லை என்பாள், கூடும். இப்படி ஒரு சேலைக்கு முந்தியை மடிப்பதும் பிரிப்பதுமாக மூன்று மாதத்தை ஓட்டினாள்.

சரக்குப் பார்த்த கண் ஏமாறுமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு கில்பர்ட் அவளைக் கூப்பிட்டார். "தங்கச்சி, நல்ல மூட்டைல ஊசியக் குத்திக்கிட்டு இருக்க. துறைமுகத்துல இதுக்கு வேலைய விட்டே தூக்கிருவான்" என்றார். காரணம் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு புது விதி போட்டார்: ஒருவர் சொல்லி ஒரு குறை தீர்ந்துவிட்டால், அதற்கு எதிராக வேறு யாரும் பேசக் கூடாது, மாற்ற வேண்டுமென்றால், முதலில் சொன்னவரே தன் வாயால் அதை வாபஸ் வாங்க வேண்டும். மாஸ்டர் ஒத்துக்கொண்டார், கனிராஜ் ஒத்துக்கொண்டார். ஏன் கூடாது என்று சொல்ல முடியாமல் டெல்பினும் ஒத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு குறைகள் மளமளவென்று தீர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர், எனக்கு ஒன்றும் இல்லை என்றார். கனிராஜும் கையை விரித்தார். டெல்பின் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்து, ஒன்றும் அகப்படாமல் பேசாமல் இருந்தாள். அன்றைக்கு நடு நாற்காலி கில்பர்ட்டுடையது. அவர் அவளைப் பார்க்காமல், ஆம்ப்ளிபயரின் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு. டிரம்ஸ் ஓடுது."

மறு வாரம் சன்னலுக்கு வெளியே தெருவே நின்றது. அந்தப் பாட்டு வந்தது, கித்தார் ஏறத் தொடங்கியது, வலப்பக்கத்து ஸ்பீக்கரில் ரெஜிஸ் ஓடவில்லை. நிற்கவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வரிசையில் போவதுபோல ஒரே சீராக, யாரையும் முந்தாமல், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் அடித்துக்கொண்டே போனார். பாட்டு முடிந்ததும் பாக்கியம் மாஸ்டர் விதியை மறந்து கைதட்டினார். கனிராஜ் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். கில்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கழற்றித் துடைத்தார். குறையே இல்லாத தட்டு ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது தூத்துக்குடியில் இருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. டெல்பின் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கல்லறையிலிருந்து திரும்பிய அன்றைக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். அழுகைக்கு நடுவில் ஆத்திரமும் வந்தது. கூட வாழ்ந்தவள் காலமெல்லாம் மெதுவா, மெதுவா என்று தொண்டை வற்றக் கத்தியபோது கேட்காத மனுஷன், கூட்டாளி ஒரு தடவை சொன்னதும் கேட்டுவிட்டாரே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கில்பர்ட் வீட்டுக்குப் போனாள். அவர் பிளேயரின் முள்ளை மென்மயிர்த் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னத வாபஸ் வாங்கணும்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "எத்தன கப்பல் பாத்துருக்கேன். ஒரு தடவ சேதம்னு சொன்னத நான் திருப்பி வாங்கினதே இல்ல தங்கச்சி."

"அது சேதம் இல்லண்ணே."

"பின்ன என்ன? ஊரு பூரா நாப்பது வருஷமா அதச் சொல்லித்தான சிரிச்சுது. டன்னேஜா, டிரம்ஸ்காரன் விட்டுட்டு ஓடிருவானேன்னு." அவர் குரல் இறங்கியது. "செத்த பொறவும் மச்சான் பேருல அந்தக் குறை நிக்கணுமா? அதக் கழுவி விடணும்னுதான் சொன்னேன். உனக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும், அதான் கடைசிவரைக்கும் சொல்லாம வச்சிருந்தேன்."

டெல்பின் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவளுக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. ரெஜிஸ்மேல் பழி சொல்லிவிட்டார் என்று நினைத்தால், அவர் அவள் கணவருக்கு அழுக்குச் சட்டையை மாற்றிவிட்டிருக்கிறார். அவள் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெருவுல என் கூட அவரு நடந்து பாத்திருக்கியளா அண்ணே?"

"எங்க நடந்தான். நீ மார்க்கெட்டத் தாண்டுமுன்ன அவன் பீச்சுல நிப்பான்."

"நிப்பாருல்லா? நான் வாரவரைக்கும் நிப்பாருல்லா? எனக்கு அதுதான் வேணும். ஒழுங்கா நடக்குற ஆள வச்சு நான் என்ன செய்யட்டும், அவரு யாருன்னே எனக்குத் தெரியல."

கில்பர்ட் எழுந்து இரண்டாம் பக்கத்தைப் போட்டு, முள்ளை மூன்றாவது பாட்டில் வைத்தார். இருவரும் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் முள்ளை எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார். மூன்றாம் தடவை வைத்தபோது அவர் வலப்பக்கத்து ஸ்பீக்கரைக் கேட்கவில்லை, இடப்பக்கமாகச் சாய்ந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வாசிக்கிறதப் பாத்தியா" என்றார் கடைசியில். "ஆபீஸ்ல பைல் எழுதுன மாதிரி வாசிக்கேன். மொதல்ல இங்க என் கை பறக்கும். எப்படிப் பறந்துதுன்னு நானே யோசிச்சிருக்கேன், அப்படி ஒரு வாசிப்பு எனக்கு அதுக்கு முன்னயும் வரல, பொறவும் வரல." முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, "அவன் முன்னால ஓடிப்போயி நின்னதாலதான் நானும் ஓடிருக்கேன்" என்றார். டெல்பினுக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள். வாபஸ் வாங்குகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முன் வாரத்தைவிட அதிகம். குறையில்லாத தட்டைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று கோயிலிலிருந்து நேராக வந்தவர்கள், நல்ல துணியோடு வாசலில் நின்றார்கள். தட்டு ஓடி முடிந்தது. ஒன்றுமில்லை என்றார் மாஸ்டர். ஒன்றுமில்லை என்றார் கனிராஜ். கில்பர்ட் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று குறை சொன்னதே கிடையாது.

"மூணாவது பாட்டுல டிரம்ஸ் ஓடுதுன்னு சொன்னேன். அத வாபஸ் வாங்குதேன். அது சேதம் இல்ல. நான் பாத்த வேலைல மொத தடவையா நான் தப்பாப் பாத்துட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. பாக்கியம் மாஸ்டர் மன்றாடினார், பாடகர் குழுவுக்கு அந்தத் தாளத்தை வைத்துத்தான் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகளுக்கு இப்போதுதான் காலம் பிடிபட்டிருக்கிறது என்றார். "மாஸ்டர், அவங்களுக்குக் கடியாரம் வாங்கித் தாரேன்" என்றார் கில்பர்ட். வாபஸ் வாங்கினது வாங்கினதுதான், விதி விதிதான். எல்லோரும் கலையப் போனார்கள்.

அப்போதுதான் டெல்பின் இன்னும் நடு நாற்காலியை விட்டு எழவில்லை என்று கனிராஜ் பார்த்தார். அன்றைக்கு அந்த நாற்காலி அவளுடையது, கடைசி வார்த்தையும் அவளுடையதுதான். உனக்கு என்ன குறை இருக்கப் போகிறது, கேட்டதுதான் கிடைத்துவிட்டதே என்ற முகத்தோடு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டெல்பின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாகத் தான் சொன்னதெல்லாம் ரெஜிஸின் காதுக்குப் போயிருக்கிறது, அதை வைத்துச் சிம்பலைப் பற்றியும் ஹென்றியின் மூச்சைப் பற்றியும் பேசி வீணாக்கியிருக்கிறோமே என்று அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அவள் யாரையும் பார்க்காமல் வலப்பக்கத்து ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு ஒரு குறை இருக்கு. ஓடட்டும், நான் வேண்டாங்கல. ஓடிப் போயி நிக்கீங்கல்ல, அது பத்தாது. மூச்சு விடுத நேரம் நின்னுட்டுப் போயிருதீங்க. நான் வாரதுக்கு இன்னும் நேரமாகும். முட்டு வலி வேற."

கில்பர்ட் போய் ஆம்ப்ளிபயரை அணைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஜிஸ் ஓடினார். அந்தக் கித்தார் ஏறுகிற இடத்தில், எல்லோரையும் விட்டுவிட்டு, பழையபடி, பழையதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடினார். கில்பர்ட்டின் கித்தார் வாயில் நுரை தள்ள அவர் பின்னால் ஓடியது, சன்னலில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு ரெஜிஸ் நின்றார். மற்றவர்களும் வந்து சேர்ந்து நின்றார்கள். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, அதன் மெல்லிய இரைச்சலும், அதற்குள் ஓர் ஆள் நின்றுகொண்டு மூச்சு விடுவதும் மட்டும் கேட்டன. கூட்டம் கேட்டுக்கொண்டு நின்றது. ஒருத்தி ஓடிப்போய்க் கறி அடிப்பிடிக்காமல் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, இன்னும் நிற்கிறாரா என்று சைகையால் கேட்டாள், நிற்கிறார் என்று சைகையால் சொன்னார்கள். பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போய், பார்க்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எல்லாவற்றிலும் நீளம் அதிகம், இழுக்கிறது என்று சொல்கிற பாக்கியம் மாஸ்டர்கூட அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் சரி, அந்த இடத்தைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை.

டெல்பின் எழுந்து உள்ளே போனாள். கில்பர்ட்டின் அடுப்பில் பாலை வைத்து, அது பொங்கும்வரை நின்று பார்த்து, நிதானமாகக் காப்பி கலந்து, நான்கு டம்ளர்களைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு ஒவ்வோர் அடியாக நடந்து முன்னறைக்கு வந்தாள். ரெஜிஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மூவருக்கும் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் இருந்து ஆறுமட்டும் ஆற்றி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, தெருவில் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க நடங்க. நான் பின்னால வாரேன்."

டிரம்ஸ் தொடங்கியது.